பக்கத்து வீட்டில் விழுந்த பூப்பொட்டலம்

எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் ரயில் பாதை. கல்யாணமாகிச் சாமல்பட்டிக்கு வந்த புதிதில் நான் அதிகம் நின்றது பின்பக்கத்தில்தான். தெருவில் போய் நிற்க எனக்குக் காரணம் இருக்கவில்லை. பின்பக்கத்தில் இருந்தது.

என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினில் பயர்மேன். ஓடுகிற வண்டியில் நெருப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஜோலார்பேட்டை எஞ்சின் ஷெட்டில் இருந்தார். அங்கேயே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்துப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். இங்கே மாமனார் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மழையை நம்பின கொஞ்சம் நிலம், ஒரு பசு. இவற்றை யாரிடம் விட்டுவிட்டு நான் ஜோலார்பேட்டைக்குப் போவது? ரெஸ்ட் கிடைத்தால் அவர் வருவார். வந்தால் ஒரு நாள் இருப்பார். அதில் பாதி தூக்கம்.

கிருஷ்ணகிரி அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் கை கால் நன்றாக இருந்த ஆண்கள் பலர் அங்கே மண் வேலைக்குப் போயிருந்தார்கள். தெருவே அடங்கிப்போய்க் கிடக்கும். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. மாமனாருக்கு வாய் இழுத்துக்கொண்டதில் பேச்சு வராது. கண்ணால் கேட்பார், நான் தண்ணீர் கொடுப்பேன். காலையில் வெங்கட்ரமண சாமி படத்துக்கு விளக்கேற்றும்போது என் குரலை நானே கேட்டுக்கொள்வேன். மறுபடி பசுவுக்குத் தீனி வைக்கும்போது நாலு வார்த்தை. சில நாள் அதோடு சரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான் நான். ஆனால் படிக்கவும் வீட்டில் ஒன்றும் இல்லை, பஞ்சாங்கத்தைத் தவிர.

அப்படி இருந்த எனக்கு ரயில்தான் ஆறுதல். அவர் வேலை பார்க்கிற கூட்ஸ் வண்டி ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும்போது எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டேஷன் வடக்கே, வீடு அதற்குத் தெற்கே. பாதை மேட்டில் ஓடும். மேட்டுக்குக் கீழே ரயில்வேக்காரர்கள் வைத்த கற்றாழை வேலி. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் புழக்கடை. வண்டி நெருங்கும்போது டிரைவர் குட்டியாக ஒரு விசில் கொடுப்பார். நல்ல மனிதர், அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும். விசில் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எஞ்சின் வாசலில் ஒரு காலை முன்னே வைத்து நிற்பார். முகமெல்லாம் கரி. சிவப்புத் துண்டும் பல்லும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

போகும்போது ஒரு பூப்பொட்டலம் எறிவார். ஜோலார்பேட்டையில் வாங்கின மல்லிகை. வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டி, காற்றில் பறந்துவிடாமல் இருக்க வெளியே இன்னொரு இலைக்குள் சின்னக் கரித்துண்டு ஒன்றை வைத்துக் கட்டியிருப்பார். பொட்டலம் கட்டவிழாமல் விழுந்தால் பூவுக்குத் தோஷமில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். முதல் கிள்ளு சாமிக்கு, மிச்சம் எனக்கு.

பொட்டலத்தை எறிந்ததும் திரும்பிவிடுவார். கரி அள்ளாமல் நின்றால் நெருப்பு இறங்கும், டிரைவர் திட்டுவார். அதனால் அது எங்கே விழுந்தது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே, சேலம் பக்கமாக, அடுத்த வீடு ஒரு தெலுங்கு பேசுகிற குடும்பம். மாமியாரும் மருமகளும் மட்டும். மகன் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிற வேலை, எப்போதோ வருவார். மருமகள் என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். பார்க்க லட்சணமாக இருப்பாள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவள் லட்சணமாக இல்லாமல் இருந்திருந்தால் ஊர் பேசியிருக்காது.

பொட்டலம் அந்த வீட்டில் விழ ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வதுகூடத் தப்பு. முதலிலிருந்தே பாதி நாள் அங்கேதான் விழுந்தது. சில நாள் என் காலடியில் விழும். சில நாள் என்னைத் தாண்டிப் பறந்து அவர்கள் புழக்கடைக்குள் போய்விடும். தாண்டிப் போனதைப் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். அந்தப் பெண் எடுத்துக் கொடுப்பாள் என்று இரண்டு புழக்கடைக்கும் நடுவே இருந்த கற்றாழை வேலியோரம் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த மாமியார் இருக்கிற வீட்டில் அவள் எப்படி வருவாள்?

ஒருநாள் பொட்டலம் போய் அவர்களுடைய தண்ணீர்ப் பானையை உடைத்துவிட்டது. கிழவியம்மா உடைந்த பானைச் சில்லைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவழியாக என் வாசலுக்கு வந்தார்.

"ஏமம்மா, உன் மொகுடுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"

மொகுடு என்றால் அவர்கள் பாஷையில் புருஷன். நான் தெரியும் என்றேன்.

"தெரியும்ல? அப்ப இது தெரிஞ்சே போட்ட பூவுதான். உன் ஊட்டுக்குப் போடறவன் உன் ஊட்டுக்குப் போடுவான். எம் மருமவ தலைக்கு எதுக்குப் போடறான்?"

"கை தவறியிருக்கும்ங்க அத்த."

"கை தவறினா பூ பொத்துன்னு விழும். இது கவண்ல விட்ட கல்லு மாதிரி வந்து பானைய ஒடைக்குது. இத்தன வேகமா எறியறவனுக்கு எங்க எறியறோம்னு தெரியாதா?"

எனக்கும் அது உறுத்தியது. பூ எறிகிற ஆள் பானை உடைகிற வேகத்தில் ஏன் எறிய வேண்டும்?

பிறகு கிணற்றடியில் பேச்சு கிளம்பியது. நான் குடத்தை இறக்கி வைத்தால் பேச்சு நிற்கும். தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னால் கேட்கும். ஒருத்தி கணக்குப் பார்த்தே வைத்திருந்தாள். "கவனிச்சீங்களா? வண்டி டேசன்ல நின்னு மெதுவாக் கெளம்புற அன்னிக்குப் பூ பொண்டாட்டிக்கு. நிக்காம ஓடுற அன்னிக்குப் பக்கத்து ஊட்டுக்கு. மெதுவாப் போனா பொண்டாட்டி மொகம் தெரியுது, பயம் வருது. வேகமாப் போனா யாரு பாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்ன கணக்கு சரிதான் என்பதுதான் என்னைக் குத்தியது. நானும் யோசித்துப் பார்த்தேன். ஸ்டேஷனில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வண்டி கிளம்புகிற நாளில் பொட்டலம் என்னிடம் வந்தது. நிற்காமல் வந்த நாட்களில் ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த ரெஸ்டுக்கு அவர் வந்தபோது சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டேன். சாப்பிடுகிறவரிடம் கேட்கக் கூடாதுதான். தூங்கிவிடுவாரே என்று கேட்டுவிட்டேன்.

"பூவ நீங்க யாருக்குப் போடறீங்க?"

அவர் நிமிர்ந்தார். "இதென்னா கேள்வி?"

"ஊருல கேக்கறாங்க."

"ஊரு கெடக்குது. உனக்குத்தான் போடறேன். உனக்கு நேரா வந்ததும் நேராப் போடறேன்."

"நேரா வரலிங்க. சாஞ்சு அவங்க ஊட்டுக்குத்தான் போவுது."

"எங் கையிலருந்து போறத நான் பாக்கறனில்ல? நேராத்தாம்மே போவுது. அதும் பந்து போடற மாதிரி மெதுவாத்தான் போடறேன்."

"நானும் கண்ணாலதாங்க பாக்கறேன். சாஞ்சுதான் போவுது. அவங்க பானையே ஒடஞ்சுபோச்சு."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நான் பொய் சொல்றனா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு அப்பாவின் கட்டிலருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஈரோட்டு ஷெட்டுக்கு மாத்தல் கேட்டுடறேன். அந்தப் பக்கத்து வண்டியில போட்டுடுவாங்க. நான் இப்பிடி வந்தாத்தான் இந்தப் பேச்சு."

ஈரோட்டுக்குப் போய்விட்டால் அவர் வண்டி இந்தப் பாதையில் வராது. மாதத்தில் ஒருநாள் பார்க்கிற முகம் எப்போதாவது என்றாகிவிடும். இந்த நாலு விநாடி முகமும் போய்விடும். அன்றைக்கு அதுதான் என் உயிர்ப் பிரச்சினை. பூ யாருக்கு என்பதுகூட இல்லை.

அதன் பிறகு வண்டிகள் வந்தன, விசில் வரவில்லை. புகையைப் பார்த்துவிட்டு ஓடி நிற்பேன். எஞ்சின் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளே குனிந்து கரி அள்ளுகிற முதுகு மட்டும் தெரியும். அது அவர் முதுகுதானா என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பெட்டியாகப் போகும். கடைசியில் கார்டு பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே போவார். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் ஸ்தோத்திரம் வராது. அப்பனே, மாத்தல் வரக் கூடாது என்று மட்டும் வரும். அவரைக் கெட்டவர் என்று நினைக்கவும் முடியவில்லை, என் கண் பொய் என்று நினைக்கவும் முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் தனியாக இருப்பது கஷ்டம்.

இப்படி இருக்கும்போது ஒரு காலை ஆட்டுக்காரர் வந்தார். எங்கள் வீட்டுக்கு வடக்கே, ஸ்டேஷன் பக்கமாக, அவருடைய ஆட்டுப்பட்டி. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் நின்று துண்டை உதறினார்.

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு எம் மேல என்னா கோவம்?"

"என்னண்ணே ஆச்சு?"

"வெள்ளாடு ஒண்ணு அசை போடாம கெடந்துச்சு. வயிறு உப்பிக்கிச்சு. வைத்தியரு கசாயம் குடுத்து வாந்தி எடுக்க வெச்சா, ஒரு மொழம் வாழநாரும் கரித்துண்டும் வருது. எந்த ஆடும்மா கரி திங்கும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"காலங்காத்தால சேலத்துலருந்து திரும்புற கூட்ஸுல எறிஞ்சுட்டுப் போறாரும்மா. நான் எத்தினியோ வாட்டி பாத்திருக்கேன். பட்டிக்குள்ள வந்து விழும். எல இருந்தா ஆடு வுடுமா? இப்ப கொஞ்ச நாளா இல்ல. ஆனா தின்னது தின்னதுதான."

சேலத்திலிருந்து திரும்புகிற வண்டி விடிகாலையில் வரும். அந்த நேரம் நான் முன்வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் கேட்டுப் புழக்கடைக்கு ஓடுவதற்குள் கடைசிப் பெட்டி போய்விடும். திரும்பும்போது அவர் ஒன்றும் எறிவதில்லை என்றே நான் நினைத்திருந்தேன். எறிந்திருக்கிறார். நான் நின்றாலும் நிற்காவிட்டாலும் வீட்டுக்கு நேராக எறிந்துவிட்டுப் போயிருக்கிறார். அது முழுவதையும் வெள்ளாடுகள் தின்றிருக்கின்றன.

ஆட்டுக்காரர் போன பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இத்தனை பூ எனக்காகக் கட்டப்பட்டு, எனக்கு நேராக எறியப்பட்டு, என்னைத் தவிர எல்லோரிடமும் போயிருக்கிறதே.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. சேலத்துக்குப் போகும்போது எறிந்தால் சேலம் பக்கத்து வீட்டில் விழுகிறது. சேலத்திலிருந்து வரும்போது எறிந்தால் ஸ்டேஷன் பக்கத்துப் பட்டியில் விழுகிறது. வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவசரப்பட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் தரையில் பட்ட பிறகும் நாலு எட்டு பஸ் கூடவே ஓடித்தான் நிற்பார்கள். இறங்கிவிட்டோம் என்பது உடம்புக்குத் தெரியாது. பொட்டலத்துக்கும் அப்படித்தானே? அவர் கையை விட்டாலும் வண்டியின் ஓட்டம் அதை விடவில்லை.

மறுநாள் காலையில் முன்வாசல் கோலத்தை முடித்துவிட்டு, மிச்சம் இருந்த மாவோடு புழக்கடைக்குப் போனேன். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். கோலம் போடத்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பார்க்க முடிந்தது.

ஒரு புள்ளி வைத்தேன். அவர் கை அது. அங்கிருந்து ரயில் போகிற தெற்கு முகமாக வரிசையாகப் புள்ளிகள் வைத்துக்கொண்டு போனேன், ஒரு மூச்சு நேரத்தில் வண்டி எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. அந்த வரிசை நின்ற இடத்திலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பிச் சில புள்ளிகள், அதே மூச்சு நேரத்தில் கை தள்ளினது எவ்வளவு வருமோ அவ்வளவு. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஒரே இழுப்பாக இழுத்துச் சேர்த்தேன். கோடு சாய்ந்தது. அது போய் நின்ற இடம் நேரே பக்கத்து வீட்டுப் பானை.

கை கொடுத்த போக்கு ஒன்று, வண்டி கொடுத்த போக்கு ஒன்று. பொட்டலம் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டையும் கூட்டிக்கொண்டு நடுவே ஒரு வழியாகப் போயிருக்கிறது.

வண்டி மெதுவாகப் போகிற நாளுக்கு இன்னொன்று போட்டேன். தெற்கே இரண்டு புள்ளி மட்டும், வீட்டுப் பக்கம் முன்போலவே. இந்தக் கோடு அவ்வளவு சாயவில்லை. எங்கள் புழக்கடைக்குள்ளேயே முடிந்துவிட்டது. திரும்புகிற வண்டிக்கு வடக்கு முகமாக ஒன்று போட்டேன். ஆட்டுப்பட்டி.

பானை உடைந்தது மட்டும் மிச்சம் இருந்தது. ஒரே மூச்சு நேரத்தில் எது அதிக தூரம் போகிறதோ அதற்குத்தானே வேகம் அதிகம்? பூத்தொடுக்கிற நூலை எடுத்து முதல் கோலத்தின் சாய்ந்த கோட்டை அளந்தேன். அதே நூலைக் கைக்கு வைத்த புள்ளிகள்மேல் பிடித்தால் நூல் ரொம்ப மிஞ்சியது. ரயிலுக்கு வைத்த புள்ளிகள்மேல் பிடித்தாலும் கொஞ்சம் மிஞ்சியது. இரண்டு வரிசையையும் ஒட்டவைத்து அளந்தால்தான் நூல் போதவில்லை. அவர் மெதுவாகத்தான் எறிந்திருக்கிறார். பொட்டலம் வேகமாகத்தான் வந்திருக்கிறது. ரயிலைவிடவும் ஒரு நூல் அதிகமான வேகத்தில்.

அவர் வண்டியோடு ஓடிக்கொண்டே பார்த்தார். அவருக்கு அது தன்னைவிட்டு நேராக விலகிப் போனது. நான் தரையில் நின்று பார்த்தேன். எனக்கு அது சாய்ந்து பறந்தது. இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறோம்.

மாவுக் கையோடு நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அக்கா, பொழக்கடையில எதுக்குக் கோலம்?" என்றாள்.

பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். எந்தப் புள்ளி எது, எந்தக் கோடு எங்கே போகிறது, ஆடு என்ன தின்றது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பூவ நான் வெச்சுக்கலக்கா" என்றாள். "உங்களுதுன்னு தெரியும். குடுக்க வந்தா அத்த கால ஒடச்சிடும். வீசவும் மனசு வரல. பெருமாளுக்கு வெச்சிடுவேன்."

எங்கள் வீட்டுச் சாமிக்கு ஒரு கிள்ளு வைக்கவே நான் காத்துக்கிடந்தேன். அவர்கள் வீட்டுச் சாமிக்கு முழுப் பொட்டலமும் போயிருக்கிறது. எனக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. வேலி இடுக்கில் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். கற்றாழை முள் கீறியது.

கிழவியம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினோம். கோலத்தை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தார். "கோலத்து இழ கோணலா இருக்குது" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஆட்டு விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"ஆட்டுக்குமா பூ போட்டான்?"

"ஆமாங்கத்த. வெள்ளாட்டுக்கு."

"தேவுடா" என்று கன்னத்தில் கை வைத்தவர், மெல்லக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். அன்று மாலையே கிணற்றடியில் அவரே சொல்லிவிட்டார். ஊரில் கோலம் செய்யாததை ஆடு செய்தது.

ஆனால் இதை என் வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வது? அதற்குள் மாற்றல் வந்துவிட்டால்? அடுத்த கூட்ஸ் புகை தெரிந்ததும் நான் எங்கள் புழக்கடையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன். கிழவியம்மா இந்தப் பக்கம் நின்றார். எஞ்சின் வந்தது. விசில் இல்லை. கரி அள்ளுகிற முதுகு தெரிந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். முதுகு நிமிர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நிற்பதை அவர் பார்த்தார். வாயைத் திறந்தபடியே போனார்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார், ரெஸ்ட் இல்லாமலே லீவு சொல்லிவிட்டு. நான் புழக்கடைக்குக் கூட்டிப் போய்ப் புதிதாகப் போட்டு வைத்த கோலத்தைக் காட்டினேன். அவர் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார்.

"அங்க போய் நில்லு" என்றார்.

நான் சுவரோரம் நின்றேன். அவர் புழக்கடையின் ஒரு கோடியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு நேராக வந்ததும் கல்லை என் பக்கம் போட்டார். கல் என்னைத் தாண்டி அடுப்புச் சாம்பலில் போய் விழுந்தது. மறுபடி ஓடினார். மறுபடி தாண்டிப் போனது. மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். இந்தப் பக்கமாகத் தாண்டியது. வளர்ந்த ஆம்பிளை இப்படிக் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைக் கட்டிலிலிருந்து மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பயந்து ஓடிப்போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். வாய் இழுத்த பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"மாத்தலுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார். "இனிமே என்னாத்துக்கு?"

சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

பிறகு இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி செய்தோம். எங்கள் வீட்டுக்கு முன்னதாகவே, பட்டியைத் தாண்டினவுடன் பாதையோரம் ஒற்றைப் பனை ஒன்று உண்டு. நிற்காமல் ஓடி வருகிற வண்டியில் அந்தப் பனைக்கு நேராக வரும்போதே எறிந்துவிட வேண்டும். மிச்ச தூரத்தை ரயிலே கொண்டுவந்து சேர்க்கும். அவருக்குச் சந்தேகம். "உன்னப் பாக்கறதுக்கு முன்னாடியே போடணுமா?" என்றார். போடுங்க, நான் நிற்பேன் என்றேன்.

அது பலித்தது. முதல் நாளே பொட்டலம் கோலக் கோட்டின் வழியே வருகிற மாதிரி சாய்ந்து வந்து எங்கள் புழக்கடையில் விழுந்தது. இரண்டாம் தடவை முந்தானையை விரித்துப் பிடித்தேவிட்டேன். தரையில் படாத பூ. சாமிக்கு நிறைய வைத்தேன். ஊரே பார்த்தது. கிணற்றடியில் என்னைக் கேலி செய்தவளே, "கண்ணு வெச்சிடப் போறாங்க, மொளகா சுத்திப் போடு" என்றாள்.

ஆனாலும் ஏதோ குறைந்தது. என்னவென்று எனக்குச் சீக்கிரம் பிடிபடவில்லை. வண்டி போன பிறகு கையில் பூ இருக்கும், வீடு முன்னைவிட வெறிச்சென்று இருக்கும். வண்டி வந்து போனதா என்றே சந்தேகமாக இருக்கும்.

அடுத்த ரெஸ்டில் அவர்தான் சொன்னார். படுக்கப் பாயை விரித்துக்கொண்டே, பெரிய விஷயமில்லாதது மாதிரி சொன்னார்.

"இப்பல்லாம் நீ என்னப் பாக்கறதே இல்ல."

"பாக்கறதுக்குத்தானே நிக்கறேன்?"

"எங்க? பொட்டலம் வர்றதயே அண்ணாந்து பாத்துக்கினு நிக்கற. அது உங் கையில விழுறப்பத்தான் நானும் உனக்கு நேரா வர்றேன். நீ குனிஞ்சு முந்தானைய மூடற. நிமிரங்காட்டியும் நான் போயிடறேன். உச்சந்தலதான் தெரியுது எனக்கு."

அவர் சொன்னது சரி. பொட்டலம் அவர் கூடவேதான் ஓடி வருகிறது. அது என்னை அடைகிற விநாடியும் அவர் என்னைக் கடக்கிற விநாடியும் ஒன்றே. இருக்கிற நாலு விநாடியில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். நான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னேன். "பனமரத்துக்கிட்ட போட வேணாம். பழையபடி என்னப் பாத்த பொறவே போடுங்க."

"பக்கத்து ஊட்டுக்குப் போவுமே."

"போவட்டும். அந்தப் புள்ளைக்கும்தான் யாரு பூ வாங்கித் தர்றா?"

அவர் என் பக்கம் புரண்டு படுத்து, "கரித்துண்டு மட்டும் வெக்காம கட்டறேன்" என்றார்.

அடுத்த கூட்ஸ் வெயில் ஏறின நேரத்தில் நிற்காமல் வந்தது. குட்டி விசில் கேட்டது. புழக்கடையில் போய் நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன், கை பழக்கத்தில் விரிந்துவிடக் கூடாதென்று. எஞ்சின் பனையைத் தாண்டியது. அவர் வாசலில் கால் வைத்து நின்றார். சிவப்புத் துண்டு, கரி முகம், ஒரு பக்கப் புருவத்தில் வியர்வை வழிந்து கோடு போட்டிருந்தது. அதைக்கூடப் பார்த்தேன். எனக்கு நேராக வந்தபோது அவர் கை போனது தெரிந்தது. கை போன பக்கம் நான் பார்க்கவில்லை.

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கார்டு தலையை ஆட்டிவிட்டுப் போனார். கடைசிச் சத்தமும் அடங்கியது.

"அக்கா," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "இன்னிக்குக் கூர மேல விழுந்திருக்குது. தொரட்டி இருந்தா எடுத்துக்கினு வாங்க."

தொரட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.